பின்வரிசைக்கு வாய்

சுவரில் இருந்தவர்கள் முதன்முதலாக இறங்கிச் சாப்பிட வந்த காலையில் விடுதி மெஸ்ஸில் இருந்தவர்கள் இவர்கள்: அடுப்படியில் மெஸ் மாஸ்டர் தாசையா, அவருக்குக் கைத்துணையாக நாலு சமையல் பெண்கள், பெண்கள் பக்கத்தில் நூற்று அறுபத்திரண்டு மாணவிகள், ஆண்கள் பக்கத்தில் நூற்றுப் பதினெட்டு மாணவர்கள், இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடாதபடி நடுவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வார்டன் அம்மா, தூண் ஓரத்தில் நான். என்னோடு ஓவியம் படித்த பெனிட்டாவும் இசக்கிராஜாவும் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம், அதனால் தனியாகச் சேர்க்கவில்லை. ஆக இருநூற்று எண்பத்தேழு பேர். பல்கலைக்கழகத்து ஆலயத்தின் போதகரை எங்கள் பக்கத்து வழக்கப்படி ஐயர் என்றுதான் சொல்வோம். அவரையும் சேர்த்திருப்பேன், ஆனால் எபநேசர் ஐயர் வந்து சேர்ந்தபோது இரண்டாம் ஈடு இட்லி வெந்து இறங்கிவிட்டது.

சுவர்க்காரர்கள் முந்நூற்று நாற்பது பேர். ஆலயத்தின் மேற்குச் சுவரிலிருந்து இறங்கி, வேப்பமரங்களுக்கு நடுவே, வரைந்த வரிசை கலையாமல், முன்வரிசை முன்னாலும் பின்வரிசை பின்னாலுமாக நடந்து வந்து, தட்டு எடுக்கும் இடத்தில் யாரையும் இடிக்காமல் கடைசியில் நின்றார்கள். இடிக்காமல் நின்றதைப் பார்த்துத்தான் தாசையா நிமிர்ந்தார்.

"யாருடே இவ்வளவு பேரு? டூர் வந்த கூட்டமா?"

"நம்ம சுவத்து ஆளுவ அண்ணாச்சி," என்றான் இசக்கிராஜா. "அந்தா முன்னால நிக்குற தாடிக்காரரு என் கைவேலை. இடது கை கொஞ்சம் கோணலா இருக்கும், பாத்துக்கிடுங்க."

"கோணக் கையில தட்ட எப்படிலே பிடிப்பாரு?"

"சாய்ச்சுப் பிடிப்பாரு."

சாய்த்துத்தான் பிடித்தார். தாசையா அவர் தட்டில் சட்னியை மேட்டுப் பக்கமாக ஊற்றினார், அது சரியாக இட்லிக்கு வந்து சேர்ந்தது.

அவர்கள் ஏன் பசித்து வந்தார்கள் என்பதைச் சொல்வதென்றால் எங்கள் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் தேரிச் செம்மணலும் பனையும் முடிகிற இடத்தில் இருக்கிற அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஓவியத்துக்கு ஒரு சான்றிதழ் படிப்பு உண்டு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், வயது கேட்பதில்லை. அறுபத்து நாலு வயதில் நான் சேர்ந்தேன். அதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பட்டமளிப்பு அங்கி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஆயிரத்து நானூற்று ஆறு அங்கி, எதையும் என் தோளில் வைத்து அளந்து பார்த்ததில்லை. சான்றிதழ் வாங்குகிறவர்களுக்கும் அங்கி உண்டு, கை மட்டும் குட்டை. சேர்ந்த வருஷமே என் அளவுக்கு ஒன்று தைத்து வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பெனிட்டா மட்டும் எப்படியோ கண்டுபிடித்து, "தாத்தா, கல்யாணத்துக்கு முன்னாடியே பட்டுவேட்டி எடுத்த மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க," என்று சிரித்தாள்.

கடைசித் தேர்வுக்கு எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து ஆலயத்தின் மேற்குச் சுவரைக் கொடுத்தார்கள். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட காட்சி. ஐயாயிரம் பேருக்குச் சுவரில் இடம் இல்லை, முந்நூற்று நாற்பது போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர் கண் சேர்த்துக்கொள்ளும் என்றார் எங்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த கிரேஸ்லின் மேடம். முன்வரிசையில் முப்பத்தாறு பேர், முழு உருவம், பெனிட்டாவும் இசக்கிராஜாவும். நடுவில் தொண்ணூறு பேர், அரை முகம், மற்ற மூவர். பின்னால் மலைச்சரிவில் இருநூற்றுப் பதினாலு பேர், அது எனக்கு. எனக்கு மூக்கு வரைய வராது என்பது மேடத்துக்குத் தெரியும், அதை முகத்துக்கு நேரே சொல்லாமல், "ஐயா, தூரத்துல இருக்கிறவங்களுக்கு முகம் வேண்டாம். தலைக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு ஒரு இழுப்பு. அவ்வளவுதான் தூரம்," என்று மரியாதையாகச் சொன்னார்.

நான் இருநூற்றுப் பதினாலு புள்ளியும் இருநூற்றுப் பதினாலு இழுப்பும் வைத்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மேடம் இன்னொன்றும் கற்றுக்கொடுத்திருந்தார். வெளிச்சமான பொருள்களைக் கடைசியில்தான் தீட்ட வேண்டும், முதலில் தீட்டினால் மற்ற வர்ணம் பட்டு அழுக்காகிவிடும். அந்தப் படத்தில் எல்லாவற்றையும்விட வெளிச்சமான பொருள் அப்பம். ஆகவே ஆட்களை முதலில் வரைந்து, புல்லில் உட்கார வைத்து, சாப்பாட்டைக் கடைசிக்கு விட்டோம். உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருக்க, அடுப்படிப் புகையும் சாம்பார் மணமும் வேளை தவறாமல் ஆலயத்தின் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தால், எவ்வளவு நாள்தான் ஒருவர் புல்லில் உட்கார்ந்திருப்பார்?

விஷயம் புரிந்ததும் பெனிட்டா அன்று மத்தியானமே ஓடிப்போய் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் தீட்டிவிட்டாள். நன்றாகவே வந்தன. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் முந்நூற்று நாற்பது பேரும் அவற்றைத் தாண்டிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள்.

"என் இட்லி ருசி கண்டுட்டாவ," என்றார் தாசையா, மீசையைத் தொட்டுக்கொண்டு. "இனி வர்ணத்தத் திம்பாவளா?"

ஐயர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். "வேதத்தில அப்பம்னுதானே போட்டிருக்கு. இட்லியும் ஒரு விதத்துல அப்பம்தான்," என்று சொல்லி, எல்லாருக்குமாக ஜெபம் செய்து, தானும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் வருவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மூன்று வேளையும் வந்தார்கள், சாப்பிட்டதும் போய்ச் சுவரில் அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். வரைந்த பக்கம் மட்டும்தான் அவர்களுக்கு இருந்தது, முதுகு கிடையாது, பக்கவாட்டில் பார்த்தால் ஆளே தெரியாது, அதனால் சாம்பார் வாளியோடு குறுக்கே போகிறவர்கள் "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டே போகப் பழகினார்கள். மின்விசிறி போட்டால் படபடத்து நாற்காலியை விட்டு எழும்பினார்கள், அதனால் தாசையா விசிறிகளை நிறுத்திவிட, மாணவர்கள் புழுங்கிக்கொண்டே சாப்பிட்டு, இரண்டொரு நாள் முணுமுணுத்து, பிறகு பனையோலை விசிறி கொண்டுவந்தார்கள். அரிசி பற்றாமல் போகும் என்று விசாரப்பட்டபோது, சுற்றியிருந்த சபைகளில் பெண்கள் தினமும் உலை வைக்குமுன் ஆலயத்துக்கென்று எடுத்து வைக்கிற கைப்பிடி அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. "எங்க ஊருக்கு யாரும் சுவத்துலேருந்து வரல, உங்களுக்காவது வந்தாவளே," என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள்.

வார்டன் அம்மாவுக்குத்தான் கஷ்டம். முன்வரிசையிலும் நடுவரிசையிலும் ஆண் யார் பெண் யார் என்று தெரிந்தது, அந்தந்தப் பக்கம் அனுப்பிவிட்டார். என்னுடைய பின்வரிசை வந்து நின்றதும் திகைத்துப்போனார். சுவரில் தினை அளவு இருந்தவர்கள் கிட்டே வரவர வளர்ந்து மெஸ் வாசலில் ஆள் உயரம் ஆகிவிட்டார்கள், ஆனால் முகம் வரவில்லை. பழுப்பாக ஒரு வட்டம், அதன் கீழே வெள்ளையாக ஒரு இழுப்பு.

"மாசிலாமணி அண்ணாச்சி, இதுல ஆம்பிளை யாரு பொம்பளை யாரு?"

"தெரியலம்மா."

"வரைஞ்சது நீங்கதானே?"

"புள்ளிதாம்மா வச்சேன்."

அம்மா பெருமூச்சு விட்டு, தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய், நடுவழி முழுவதையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

அங்கே இருநூற்றுப் பதினாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு இரண்டு இட்லி வைத்தார்கள். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்தபோது இவர்களும் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டுபோய் அப்படியே திருப்பி வைத்தார்கள். நானூற்று இருபத்தெட்டு இட்லி மீதி. சட்னி மேலே ஆடை கட்டியிருந்தது.

"ருசி பிடிக்கலையோ?" என்று தாசையா என்னிடம் கேட்டார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"வாய் இல்ல, தாசையா," என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். மறுவேளையும் மீதி அவ்வளவுதான், அதற்கு மறுவேளையும் அவ்வளவுதான். ஆனால் சாப்பிட முடியாது என்று தெரிந்தும் அவர்கள் ஒருவேளை தப்பாமல் வந்தார்கள். நடுவரிசைக்காரர்கள் மென்று விழுங்குகிற பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தையற்கடையில் பண்டிகைத் துணி கொடுக்க நாள் தவறிப்போனால் வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், அதைப்போல. திட்டிவிட்டால் தேவலை என்றிருக்கும்.

பிறகு மங்க ஆரம்பித்தார்கள். முதலில் இழுப்பின் வெள்ளை போயிற்று, பிறகு புள்ளியின் பழுப்பு நீலம் பாய்ந்தது. ஒரு நாற்காலியில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைத் தட்டு நகர்வதைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதென்று நான் ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். இருநூற்றுப் பதினாலு பேரும் இருந்தார்கள். எத்தனை நாள் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஆலயத்தில் மேடம் சுவருக்கு எதிரே நின்று கைதட்டினார். "ஐயா! எப்படிச் செஞ்சீங்க இதை? தூரம் போகப் போக நிறம் நீலமாகி மங்கிப் போகணும்னு போன வருஷம் பூரா தலைபாடா அடிச்சுக்கிட்டேன், உங்களுக்கு வரவே இல்ல. இப்ப மலையே பின்னால போயிருச்சு. தேர்வாளர் வெள்ளிக்கிழமை வர்றார். இதுக்கு அறுபதுக்குக் குறைச்சு போட முடியாது."

போன வருஷம் தூரம் என்கிற அந்தத் தாளில் நான் தேறவில்லை. சான்றிதழுக்கு அது ஒன்றுதான் பாக்கி.

"மேடம், அது நான் செஞ்சதில்ல. அவங்க பசியில மங்குதாங்க," என்றேன்.

மேடத்தின் கை அப்படியே நின்றது. அவர் நல்ல மனுஷி. "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பொறுக்க முடியுமா, ஐயா?" என்று கேட்டார். "அவர் பார்த்துட்டுப் போனதும் நீங்க என்ன வேணும்னாலும் செய்யுங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

நான் தலையாட்டினேன். மரியாதைக்குரியவர்கள் சொன்னால் எனக்குத் தலை தானாக ஆடிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் மெஸ்ஸுக்கு வந்தபோது வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அந்த வெயில் அவர்களுக்குள் புகுந்து மறுபக்கம் தரையில் விழுந்தது. நடுவழியில் தட்டுகள் மட்டும் மிதந்துபோய் மேசையில் உட்கார்ந்தன. நான் எண்ணப் போனேன். முதல் நாற்காலியைத் தொட்டால் நாற்காலிதான் கையில் பட்டது. இன்னும் அழுத்தித் தொட்ட பிறகு, பழந்துணியின் ஓரம்போல ஏதோ ஒன்று விரலில் நெருடியது.

தையற்கடையில் என்னைச் சேர்த்தபோது கொடுத்த முதல் வேலை காஜா எடுப்பது, அதாவது சட்டையில் பொத்தானுக்குத் துளை வெட்டி, பிரிந்துவிடாமல் ஓரத்தை நூலால் கட்டுவது. மூக்கு எனக்கு வராது, கண் வராது. ஆனால் இந்த அளவில் ஒரு துளை, இரண்டு பக்கமும் ஓரம் கட்டி, இரண்டு முனையிலும் இறுக்கி முடிப்பதென்றால் கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன்.

"இசக்கி, சின்னப் பிரஷ்ஷும் சிவப்பும் எடுத்துட்டு வா," என்றேன்.

"தாத்தா, சிவப்பா?" அவன் குரல் இறங்கியது. "சிவப்பு முன்னால ஓடிவரும், நீலம் பின்னால போகும்னு மேடம் பாடமே எடுத்தாங்க. பின்வரிசையில சிவப்பு வச்சா மொத்தத் தூரமும் போயிரும். நீங்க தேற மாட்டீங்க."

"வாய் நீலத்துல இருக்குமாடா?"

அவன் ஓடினான்.

முதல் ஆளின் முன்னால் குனிந்து, வட்டம் இருந்த இடத்தை இடது கையால் தாங்கிக்கொண்டு, கீழிருந்து ஒரு கோடு, மேலிருந்து ஒரு கோடு, முனைக்கு முனை ஒரு இறுக்கு. அந்த வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது, பொத்தான் சரியாக நுழைகிறதா என்று போட்டுப் பார்ப்பதுபோல. பிறகு இட்லியை எடுத்துக் கடித்தது. கடித்த இடத்திலிருந்து நிறம் கிளம்பி, கன்னம் இருக்க வேண்டிய இடத்துக்கும் கழுத்துக்கும் தோளுக்கும் பரவியதை மெஸ்ஸில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். தாசையா, "ஏ புள்ளைகளா, அடுத்த ஈடு ஊத்துங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

நான் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தேன். பெனிட்டா வர்ணத்தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள், இசக்கிராஜா ஆள் இருக்கிற இடத்தைத் தடவித் தடவிக் காட்டினான், வார்டன் அம்மா ஆறிப்போன இட்லியை எடுத்துவிட்டுச் சூடாக வைத்துக்கொண்டே வந்தார், மாணவர்களும் மாணவிகளும் பக்கம் பாராமல் எழுந்து வந்து இரண்டு ஓரமும் நின்று, "இவரு ஆச்சு, அடுத்தவங்க, இவங்க ஆச்சு, அடுத்தவரு," என்று பாட்டுப்போலச் சொல்லத் தொடங்கினார்கள். எழுபது ஆயிற்று. நூற்று அறுபத்தைந்து ஆயிற்று. இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது.

அப்போது மேடம் தேர்வாளரை அழைத்துக்கொண்டு வந்தார். ஆலயத்தில் வெறும் மலையும் புல்லும் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் மட்டும் இருக்கவே, ஆட்களைத் தேடி வந்திருந்தார்கள். தேர்வாளர் சென்னைக்காரர், நிதானமானவர். என் கையையும் பிரஷ்ஷையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பின்வரிசைக்கா சிவப்பு வைக்கிறீங்க?"

நான் எழுந்து நிற்கப் பார்த்தேன்.

"இன்னும் நாப்பத்தொம்பது பேர் பாக்கி இருக்காங்க சார்," என்றாள் பெனிட்டா. "கேள்வி அப்புறம் கேக்கலாமா?"

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாசையா அவர் முன்னாலும் ஒரு தட்டை வைத்தார்.

இருநூற்றுப் பதினாலாவது ஆளுக்கும் வாய் வைத்து நிமிர்ந்தபோது என் விரல்கள் மடங்க மறுத்தன. எல்லாரும் சாப்பிட்டுச் சுவருக்குத் திரும்பினார்கள், நாங்களும் பின்னால் போனோம். அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். என் ஆட்கள் மலைச்சரிவில் ஏற ஏறச் சிறுத்துத் தினை அளவானார்கள், ஆனால் மங்கவில்லை. இருநூற்றுப் பதினாலு சிவப்பு முனைகளும் அங்கிருந்து மினுங்கின. மலை பின்னால் போகவில்லை. முன்வரிசைக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

"தூரம் சுத்தமாப் போச்சு," என்றார் தேர்வாளர். "கண்ணு நேரா பின்வரிசைக்குத்தான் போகுது."

"போகட்டுமே சார்," என்றான் இசக்கிராஜா.

"போகட்டும். ஆனா இந்தத் தாளுக்குப் பேரே தூரம்தான் தம்பி. இல்லாததுக்கு நான் எப்படி மார்க் போடுவேன்?" அவர் சொன்னதில் தப்பில்லை. முப்பத்தொன்று போட்டார். தேற நாற்பது வேண்டும். போகும்போது என் பக்கத்தில் நின்று, "ஒவ்வொரு வாயும் ஒரே அளவு, எப்படி?" என்று மெதுவாகக் கேட்டார். "காஜா," என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது, தலையை ஆட்டினார்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அடுத்த வருஷம் மறுபடி உட்காரலாம், ஐயா."

"உட்காருதேன் மேடம்," என்றேன். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு வருஷம் காலையில் எழுந்து குளித்து, வர்ணப்பெட்டியை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு வகுப்புக்குப் போகலாம் என்று நினைத்தபோது அந்த வருத்தம் பெரிதாக நிற்கவில்லை.

கை கழுவ மெஸ்ஸுக்குத் திரும்பினேன். தாசையா நடுவழியில் இட்லி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அண்ணாச்சி, உங்க ஆளுவளுக்கு ரெண்டாவது தரம் இட்லி போட்டுக்கிட்டு வந்தேன். ஒருத்தரும் வாயத் தொறந்து பேசல, போடப் போடத் தின்னாவ. கடைசி வரிசையில ஒரு பொம்பள, பொம்பளதான், குரலு அப்படித்தான் இருந்துச்சு, தட்ட அந்தப் பக்கமா நகத்தி வச்சுக்கிட்டு, ‘போதும்’னு சொன்னா."

"என்ன சொன்னா?"

"போதும்னா. அவ சொன்னதக் கேட்டு பக்கத்துல இருந்தவரும் போதும்னாரு. அப்படியே அஞ்சாறு பேரு. நா வாளியத் தூக்கிக்கிட்டே நின்னுட்டேன், போடுறதா வேண்டாமான்னு."

"போட்டியா?"

"போதும்னவங்களுக்கு எப்படிப் போடுறது?"

வாளியை எனக்குக் காட்டினார். நான் குனிந்து மீந்த இட்லியை எண்ணினேன், அவர் நம்பாமல் ஒருமுறை எண்ணினார். பதினொன்று.